ஒண்டியின் வயிறு

மலத்துக்குள் ஆட்டு ரோமம் இருந்தது. பிரான்சிஸ் துடைப்பத்தைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு குச்சியை எடுத்துக் கிளறிப் பார்த்தான். சந்தேகமே இல்லை. சுருள் சுருளான குறும்பாட்டு ரோமம்.

அவனுடைய ஓநாய்களுக்கு ஆட்டிறைச்சி போடுவதே கிடையாது. மாலை நான்கு மணிக்குத் தோலுரித்த மாட்டிறைச்சி. திங்கட்கிழமை மட்டும் பட்டினி. ஆறு வருஷமாக அதுதான் முறை.

1994ஆம் வருஷம், மாசி மாதம். மதுக்கரையைத் தாண்டி, பாலக்காட்டு ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, யாரோ தோண்டிக் கைவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் குழி ஒன்றை வாங்கி, ஒரு மில் குடும்பத்து டிரஸ்ட் மிருகக்காட்சித் தோட்டம் நடத்தி வந்தது. மான்கள், முள்ளம்பன்றிகள், இரண்டு கரடிகள். குழியின் ஆழமான மூலையில் ஓநாய்கள். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு பாறை, நாலாவது பக்கம் இரும்பு வலை. சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று பிரான்சிஸிடம், இன்னொன்று அவனோடு வேலை பார்க்கும் வேலுமணியிடம்.

ஓநாய்கள் நான்கு. ஆண் தலைவனுக்கு 'மணியக்காரர்' என்று வேலுமணிதான் பேர் வைத்தான். இறைச்சியில் முதலில் வாய் வைப்பது அவர். அவருடைய இணை 'அம்மணி'. அவர்களுடைய போன வருஷத்துப் பெண்குட்டி 'செவலை'. நாலாவது, மணியக்காரருடன் சேர்ந்து பவானிசாகர் பக்கம் பிடிபட்ட ஓர் ஆண். அதற்கு 'ஒண்டி' என்று பேர். மற்ற மூன்றும் தின்று முடிக்கும்வரை தள்ளிப் படுத்திருக்கும். மணியக்காரர் பக்கத்தில் வந்தால் காதை மடக்கி, வாலைக் கால் இடுக்கில் செருகி, வயிறு தரையில் உரச ஊர்ந்து போய் அவருடைய மோவாயை நக்கும். செவலைகூட அதற்குப் பணியாது. பிறந்து ஒரே வருஷமான அந்தக் குட்டி ஒண்டியை விரட்டிவிட்டு எலும்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

தைப்பொங்கலை ஒட்டி அம்மணி மூன்று குட்டி போட்டது. பாறையடிப் பொந்தில், உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால். குட்டி இருக்கிற பக்கம் யாரும் போகக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. பிரான்சிஸும் வேலுமணியும் முன்பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

ரோமத்தைத் தண்ணீரில் அலசிப் பார்த்தான். இரண்டு மூன்று சுருளின் நுனியில் பச்சை நிறம் ஒட்டியிருந்தது.

அது யாருடைய பச்சை என்று அவனுக்குத் தெரியும். தோட்டத்து வேலியை அடுத்து செங்கோடனின் நிலம். அவர் தன் ஆடுகளின் தொடையில் பச்சைப் பெயின்ட் பூசி அடையாளம் வைப்பவர். இரண்டு வாரத்தில் அவருடைய பட்டியிலிருந்து மூன்று கிடாக்குட்டிகள் காணாமல் போயிருந்தன. போன வாரம் அவரே கேட்டு வந்திருந்தார்.

"ஏப்பா பிரான்சிசு, உங்க ஓநாயி ஏதாச்சும் வெளிய வருதா?"

"இல்லீங்க பண்ணாடி. தினமும் வெடியால வந்ததும் எண்ணிப்போட்டுத்தான் மத்த வேல. நாலும் உள்ளதானுங்க இருக்குது."

"அப்பறம் ரெண்டு கால் ஓநாயாத்தான் இருக்கோணும்" என்றார் செங்கோடன். அதைச் சொல்லும்போது பிரான்சிஸை மேலும் கீழும் பார்த்தார். பிரான்சிஸின் அப்பா, செங்கோடனின் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். அந்தப் பார்வை பிரான்சிஸுக்குப் பழக்கமானதுதான். ஆனாலும் மறுநாள் ஓநாய்களை இரண்டு தடவை எண்ணினான்.

இப்போது கையில் பச்சை நுனி ரோமம். பாறைமேல் உட்கார்ந்து யோசித்தான். எவனோ ஆட்டைத் திருடி அறுத்திருக்கிறான். கறியை விற்றுவிட்டான். தோலும் குடலும் அடையாளம் காட்டிக்கொடுக்கும். அவற்றை ஒழிக்க ஓநாய்க் கூண்டைவிட நல்ல இடம் எது? நாலும் ஒரே மூச்சில் தின்றுவிடும். ஆனால் வெளியாள் எவனும் இவ்வளவு தூரம் உள்ளே வர முடியாது. வாசலில் காவலாள் இருக்கிறான். கூண்டுக்குள் போகச் சாவி வேண்டும்.

இரண்டாவது சாவி யாரிடம் என்பதை அவன் யோசிக்க விரும்பவில்லை. ஆனால் யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

வேலுமணியும் அவனும் ஒரே காலனி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே தூக்குப்போசியில் சோறு பங்கிட்டுத் தின்றவர்கள். ஆனால் கொஞ்ச நாளாக வேலுமணி மாறியிருந்தான். மத்தியானம் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறான். வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணிக்கே "டவுனுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுகிறான். எதற்கு என்று கேட்டால், "சும்மா ஒரு சோலி" என்பான். முன்பெல்லாம் ஆணியில் தொங்கவிடும் துணிப்பையை இப்போது கூடவே வைத்துக்கொள்கிறான்.

அதன் பிறகு நான்கு நாள் பிரான்சிஸ் அவனையே கவனித்தான். ஓநாய்களைப் பார்ப்பதுபோல வேலுமணியைப் பார்த்தான். யாரிடம் பேசுகிறான், எப்போது திரும்பிப் பார்க்கிறான், எந்தப் பக்கமாக நடக்கிறான். கவனிக்கக் கவனிக்க எல்லாமே திருட்டுத்தனமாகத் தெரிந்தது. ஐந்தாம் நாள் வேலுமணி பம்ப்செட்டில் கைகால் கழுவப் போனபோது பை திறந்து கிடந்தது. உள்ளே மடித்து வைத்த ஒரு துண்டு. அதில் ரத்தம். பழைய கறையும் இருந்தது, புதுக் கறையும் இருந்தது.

அவன் வேலுமணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக மேனேஜர் திருமலைசாமியின் அறைக்குப் போனான். செங்கோடனின் பார்வை தன்மேல் மறுபடி விழுவதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்ற பயமும் அதில் இருந்தது. பிற்பாடு அதை அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

திருமலைசாமி ஆள் அனுப்பிச் செங்கோடனை வரவழைத்தார். வேலுமணியையும் கூப்பிட்டு, மேஜைமேல் அவனுடைய பையைக் கொட்டினார்கள். துண்டு, ஒரு காகிதப் பொட்டலம் நிறைய மாத்திரைகள், மூடி போட்ட ஒரு சின்ன டப்பா.

"இது யாரு ரத்தம்?" என்றார் செங்கோடன்.

வேலுமணி தரையைப் பார்த்துக்கொண்டே, "என்றதுதானுங்க" என்றான்.

"உன்றதா? எங்கடா காயம், காட்டு பாக்கலாம்."

வேலுமணி தலை நிமிர்ந்தான். கதவோரம் நின்ற பிரான்சிஸை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். செங்கோடனின் ஆட்கள் அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். போலீஸார் பொழுதோடு எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்; ஆனால் தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காலனி முழுக்கச் செய்தி பரவியது.

மறுநாள் காலை வேலுமணியின் மனைவி பழனியாத்தாள், பிரான்சிஸின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்காரரு ஆடு திருடறவருங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லலம்மிணி. துண்டுல ரத்தம்..."

"இருமுனா வருதுங்கண்ணா" என்றாள் அவள். "ரெண்டு மாசமாச்சு. டிபின்னு சொல்லிப்போட்டாங்க. செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரிக்குப் போயி மாத்தர வாங்கியாராரு. அந்த டப்பா சளி துப்பறதுக்கு. வேலையில தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்கன்னு உங்ககிட்டக்கூடச் சொல்ல வேண்டாம்னாரு. உங்களுக்கும் ஒட்டிக்குமின்னுதான் சோத்தக்கூடத் தனியா வெச்சுத் தின்னாரு."

அவள் அழவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

 அவள் சொன்னது உண்மை என்று பிரான்சிஸுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் விட்டுக்கொடுக்கவில்லை. டிபி இருந்தால் ஆடு திருடக் கூடாதா? அந்த ரோமம் பின்னே எப்படி வந்தது? இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

வேலுமணி இல்லாததால் இரண்டு பேர் வேலையும் அவன் தலையில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும், ஐந்தே முக்காலுக்கே கூண்டுக்கு வந்துவிட்டான். முந்தைய நாள் பட்டினி நாள். ஓநாய்கள் வலையோரம் வந்து நிற்கும் என்று நினைத்தான். மணியக்காரரும் அம்மணியும் செவலையும் அப்படித்தான் நின்றன, ஒட்டிய வயிற்றுடன். ஒண்டியைக் காணவில்லை. எண்ணுவதற்காக அங்கேயே நின்றான். கொஞ்ச நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு அது வந்தது.

மூன்று குட்டிகளும் பொந்திலிருந்து உருண்டு ஓடி வந்தன. தாயைத் தாண்டின. தகப்பனைத் தாண்டின. நேரே ஒண்டியிடம் போய் அதன் வாயை மொய்த்துக்கொண்டன. கடைவாயை நக்கின, கடித்தன, முட்டின. ஒண்டி தலையைத் தாழ்த்தியது. வயிறு இரண்டு மூன்று தடவை குலுங்கியது. சிவந்த இறைச்சிக் குவியல் ஒன்று தரையில் விழுந்தது. குட்டிகள் அதில் முகம் புதைத்துத் தின்றன. மணியக்காரர் வந்து முகர்ந்து பார்த்தார். ஒண்டி வழக்கம்போல வயிற்றைத் தரையில் பதித்துக்கொண்டது. ஆனால் அவர் உறுமவில்லை. அம்மணி ஒண்டியின் மூக்கை ஒரு தடவை நக்கியது.

குட்டிகளுக்கு ஓநாய்கள் கக்கிக் கொடுக்கும் என்று பிரான்சிஸுக்குத் தெரியும். பெரியவை எல்லாமே மாறி மாறி அதைச் செய்யும். ஆனால் இருக்கிற நாலும் ஒன்றரை நாளாக எதுவும் தின்னவில்லை. மூன்று வயிறு ஒட்டிக் கிடக்க, எப்போதும் கடைசியில் தின்கிற ஒண்டிக்கு மட்டும் வயிறு நிறைந்தது எங்கே?

ஓநாய்களைப் பக்கத்துக் கூண்டில் அடைத்துவிட்டு, மேனேஜரின் உத்தரவை மீறிப் புதருக்குள் போனான். உண்ணிச்செடி முள் கையைக் கிழித்தது. பொந்துக்கு இடதுபக்கம், குழித் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கல் வெட்டிய காலத்தில் போட்ட சிமென்ட் குழாய் ஒன்று இருந்தது. அதன் வாய்க் கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. அடியில் மண் பறிக்கப்பட்டிருந்தது. கம்பியில் சாம்பல் நிறத்தில் ஓநாயின் முடி. குழாயின் மறுமுனை வேலிக்கு வெளியே ஓடைக்குப் போகிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் செங்கோடனின் பட்டி.

போய்விட்டுத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறது. அதனால்தான் தினமும் எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஸ்டோரிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்து வந்து குழாய் வாயைக் கட்ட ஆரம்பித்தான். நாலு முறுக்கு முறுக்கியதும் கை நின்றுவிட்டது. இதை இப்போது அடைத்தால் நாளை முதல் ஆடு காணாமல் போகாது. வேலுமணியை வெளியே அனுப்பியதும் திருட்டு நின்றது என்றுதான் ஊர் பேசும். பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் அவன் திருடன்தான். முறுக்கிய கம்பியை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

குழாயைப் பற்றியும் வேலுமணியின் நோயைப் பற்றியும் மேனேஜரிடம் சொன்னபோது அவர் எழுந்து போய் முதலில் கதவைச் சாத்தினார்.

"பிரான்சிஸ், ஓநாய் வெளிய போச்சுன்னு ஒரு பேச்சு கெளம்புனா லைசென்ஸ் போயிரும். ஊர்க்காரங்க வெசம் வெச்சு நாலையும் கொன்னுபோடுவாங்க. இன்னைக்கே அடைச்சுப்போடு. யாருகிட்டயும் மூச்சு விடாத."

"அப்ப வேலுமணி கதி என்னங்க?"

"அவனுக்கு டிபிங்கற. எப்பிடியும் வேலைக்கு வெச்சுக்க முடியாது. பின்ன என்ன?"

"நாளைக்கு அடைக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே செங்கோடனின் தோட்டத்துக்குப் போனான். அவன் அப்பா பின்கட்டு வழியாகத்தான் அந்த வீட்டுக்குப் போவார். பிரான்சிஸ் முன்வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

செங்கோடன் முழுக்கக் கேட்டார். அப்புறம் சிரித்தார்.

"கூட்டாளி மாட்டிக்கிட்டான்னதும் கத கட்டிக்கிட்டு வந்துட்ட. தப்பிச்சுப் போன ஓநாயி மறுக்காவும் கூண்டுக்குள்ளாற வருமா? எந்தக் கழுதையாச்சும் வருமா?"

"குட்டி இருக்குதுங்க பண்ணாடி."

"அதோட குட்டியா?"

"அதோட குட்டியில்லீங்க. மணியக்காரரு குட்டி."

"அப்பறம் அதுக்கென்ன வந்துச்சாம்?"

பிரான்சிஸ் ஓர் அடி முன்னால் வந்தான். "நீங்களே வந்து கண்ணுல பாருங்க. ஒரு நாள் வெடியால. வரலீன்னா என்னையும் ஸ்டேசனுக்குத் தாட்டி உட்டுருங்க. ஒன்னே ஒன்னுதான் கேக்கறனுங்க, அதைய அடிச்சறாதீங்க."

புதன்கிழமை ஐந்தரை மணிக்குச் செங்கோடன் கையில் ஒரு தடியுடன் வந்தார். ஓடைக்கரையில், குழாய் வாய்க்கு எதிரே ஒரு வெள்ளவேல மரத்தின் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும்வரை ஒன்றும் வரவில்லை. பிரான்சிஸ் ஓடிப் போய்ப் பார்த்தான். ஒண்டி உள்ளேதான் படுத்திருந்தது. செங்கோடன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரும் கூட்டுத்தான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று பகல் முழுவதும் பிரான்சிஸுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மேனேஜர் இரண்டு தடவை "அடைச்சாச்சா?" என்று கேட்டார். "சிமென்ட் வரோணுங்க" என்று பொய் சொன்னான். நாலு மணிக்கு இறைச்சி போட்டபோது, இது சரியா என்று யோசித்துக்கொண்டே, வழக்கத்தைவிடக் குறைவாகப் போட்டான். மணியக்காரர் தின்றார், அம்மணி தின்றது, செவலை தின்றது. ஒண்டிக்கு ஓர் எலும்பு மிஞ்சியது. குட்டிகள் வந்து அதன் வாயை முட்டின. கொடுக்க ஒன்றுமில்லாமல் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை பிரான்சிஸ் தனியாகத்தான் வெள்ளவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் காலடி கேட்டது. செங்கோடன். இந்த முறை தடியில்லை. "ராத்திரி இன்னொரு குட்டியும் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

கிழக்கு வெளுத்தபோது ஓடை மணலில் அது வந்தது. வயிறு பெருத்திருந்தது. வாயில் ஒரு கிடாக்குட்டியின் பின்னங்காலைக் கவ்வியிருந்தது. அதன் தொடையில் பச்சைப் பெயின்ட். முப்பது அடி தூரத்தில் அவர்களுடைய வாடை பட்டு நின்றுவிட்டது. செங்கோடனையும் பிரான்சிஸையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குப் பின்னால் ஓடை, ஓடைக்குப் பின்னால் மேய்ச்சல் காடு, அதற்கும் அப்பால் வாளையாறு மலை. ஒரே ஒரு திரும்பல் போதும்.  திரும்பிப் போய்விடு என்று பிரான்சிஸின் மனம் சொன்னது. போய்விட்டால் வேலுமணிக்குச் சாட்சி இல்லை என்றும் சொன்னது.

பாறைக்கு உள்ளிருந்து குட்டிகள் சிணுங்கும் சத்தம் குழாய் வழியாகக் கேட்டது. ஒண்டி தலையைத் தாழ்த்தி, அவர்களைத் தாண்டிக் குழாய்க்குள் நுழைந்தது. கவ்வியிருந்த கால் குறுக்கே மாட்டிக்கொண்டது. அதை வெளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

செங்கோடன் எழுந்து போய் அந்தக் காலை எடுத்துப் பார்த்தார். பிறகு, பிரான்சிஸ் கூப்பிடாமலேயே, வேலியைச் சுற்றி வலைப்பக்கம் வந்து நின்றார். உள்ளே குட்டிகள் ஒண்டியின் வாயை மொய்த்துக்கொண்டிருந்தன. 

"என்ற ஆட்டத் தின்னுபோட்டு வந்து ஊரான் குட்டிக்குக் கக்கிக் குடுக்குது" என்றார். கோபமாகச் சொல்கிறாரா, வேறு விதமாகவா என்று பிரான்சிஸுக்குப் பிடிபடவில்லை. "பட்டியில நல்ல நாயி ஒன்னு இருந்திருந்தா இத்தன வந்திருக்காது. சரி, ஸ்டேசன்ல நான் சொல்லிக்கறேன். இன்னிக்கே இந்த ஓட்டய அடச்சுப்போடு. நாளைக்கு மறுக்கா என்ற பட்டிக்கு வந்துச்சுன்னா சும்மா இருக்க மாட்டேன்."

மேனேஜரிடமும் அவரே பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேஷனில் வேலுமணியின் கையெழுத்து அன்றோடு நின்றது. ஆனால் வேலுமணியின் வீட்டுக்குச் செங்கோடன் போகவும் இல்லை, ஆள் அனுப்பவும் இல்லை.

மத்தியானம் பிரான்சிஸ் குழாய் வாயில் புதுக் கம்பி வைத்துச் சிமென்ட் பூசினான். மறுநாள் காலை பார்த்தபோது ஈரச் சிமென்டில் நகத் தடங்கள் இருந்தன. அன்றிலிருந்து இறைச்சியில் ஒரு பங்கை ஒண்டிக்கு மட்டும் வலையின் மறுகோடியில் தனியாகப் போட ஆரம்பித்தான். அது பாதியைத் தின்னும், பாதியைக் குட்டிகளுக்குக் கொண்டு போகும். ஒரு வாரத்துக்குப் பிறகு செவலைகூட அதன்மேல் பாய்வதை விட்டுவிட்டது.

வேலுமணிக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மேனேஜர் சொன்னது சொன்னதுதான். பிரான்சிஸ் மூன்று தடவை அவன் வீட்டுக்குப் போனான். முதல் இரண்டு தடவையும் "தூங்கறாருங்கண்ணா" என்றாள் பழனியாத்தாள். மூன்றாவது தடவை வேலுமணியே வெளியே வந்தான். மெலிந்திருந்தான்.

"ஓட்டயக் கண்டுபுடிச்சது நீதானாமா?"

"ஆமாப்பா."

"ஒண்டி மேல சந்தேகமே வல்லியா உனக்கு?"

"இல்ல."

"அது கடைசி ஆளு. அதுக்கு எங்க அந்தத் தைரியம்னு நெனச்சிருப்ப" என்றான் வேலுமணி. "என்ற மேல மட்டும் வந்துருச்சு, பாத்தியா?"

பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டான். வேலுமணி "உடு" என்று மட்டும் சொன்னான். இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு அவனுக்குக் குணமானது. சோமனூரில் ஒரு தறிக் கம்பெனிக்கு வெளியே காவல் வேலை கிடைத்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும் கூட்டத்தோடு அவனும் வந்திருந்தான். பார்வையாளர்கள் நிற்கும் கம்பிக்கு வெளியே நின்று ஓநாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். குட்டிகள் முக்கால் வளர்த்தி ஆகியிருந்தன. மணியக்காரர் வெயிலில் படுத்திருக்க, ஒண்டி அந்த மூன்றுக்கும் நடுவில் மல்லாந்து கிடந்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

பிரான்சிஸ் உள்ளேயிருந்து அவனைப் பார்த்ததும் ஓடி வந்து பக்கக் கதவைத் திறந்தான்.

"உள்ள வாப்பா. பக்கத்துல வந்து பாரு."

வேலுமணி அசையவில்லை.

"வேண்டாம். உள்ள வந்து, அப்பறம் எதாச்சும் காணாமப் போச்சுன்னா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அது விளையாட்டுப் பேச்சா என்று பிரான்சிஸ் அவன் முகத்தில் தேடினான். தெரியவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்ப வந்து இறைச்சியை வெட்டத் தொடங்கினான். நாலு மணிக்கு அவன் உள்ளிருந்து இறைச்சி போட்டான். வேலுமணி வெளியே நின்று, எது முதலில் வாய் வைக்கிறது, எது கடைசியில் வருகிறது என்று, மூடும் மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.